வாயில் இருக்கும் பேரும் காகிதத்தில் இருக்கும் பேரும்

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் பாண்டிக்குப் போகிறவர்கள் மரக்காணத்தைத் தாண்டித்தான் போகணும். சாலையை ஒட்டி உப்பளம், வெயிலில் கண் கூசும் வெள்ளைக் குவியல், கொஞ்சம் தள்ளிக் கழி, அதுக்கும் அப்பால் கடல். போட்டோ எடுக்க வண்டியை நிறுத்துகிறவர்கள் அடிக்கடி கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "இந்த ஊர்ப் பேரை எப்படிங்க சொல்லணும்?" ஆங்கிலப் பலகையைப் பார்த்துவிட்டு மரக்கனம் என்பார்கள், மராக்கணம் என்பார்கள். எங்க ஆளுங்க வாயில் அது "மரக்காணோ" என்று மூக்கோடு முடியும். கேட்கிறவர்களுக்கு மரத்தைக் காணோம் என்று சொல்கிற மாதிரி இருக்கும். உப்பளத்து நடுவில் நின்று சுத்திப் பார்த்தால் அதுவும் பொய்யில்லை.

சிலர் இன்னொன்றும் கேட்பார்கள். "எழுதியிருக்கிற மாதிரி சொல்லாம ஏன் இப்படி மாத்திச் சொல்றீங்க?" படிக்காத சனம் பேரைச் சிதைக்குது என்ற நினைப்பு அந்தக் கேள்விக்குள் இருக்கு. நான் பார்த்தவரைக்கும் எங்க வாய்க்கு ஒரு கணக்கு இருக்கு. அந்தக் கணக்கு பிடிபடாதவர்கள் காதில் விழுந்ததை எழுதி வைத்தார்கள். அப்படி எழுதினதுதான் பேராக நின்றது, இன்றைக்கும் நிற்குது. அதைத்தான் இந்தப் பதிவில் சொல்லப்போகிறேன்.

எடம், நெலம், எடக்கழிநாடு

மரக்காணத்துக்கு வடக்கே, கடலுக்கும் கழிக்கும் நடுவில் நீளமாகக் கிடக்கிற நிலத்துக்கு இடைக்கழிநாடு என்று பேர். ரொம்பப் பழைய பேர். சங்க இலக்கியத்தில் பத்துப்பாட்டில் ஒன்றான சிறுபாணாற்றுப்படையைப் பாடியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். பாட்டுடைத் தலைவன் நல்லியக்கோடன், எங்க ஓய்மாநாட்டை ஆண்டவன். அவனுடைய கிடங்கில் இன்றைய திண்டிவனத்தில் இருக்கு.

இப்போ அந்த ஊருக்குப் போய் யாரையாவது கேளுங்கள். "எடக்கழிநாடு" என்றுதான் சொல்வார்கள். ஆங்கிலத்தில் எழுதும்போதும் முதல் எழுத்து 'இ' ஒலிக்கு உரியதாக இல்லை, 'எ' ஒலிக்கு உரியதைத்தான் போடுகிறார்கள். கொஞ்சம் தெற்கே, கழுவேலித் தண்ணி கடலில் சேருகிற முகத்துவாரம் இடையன்திட்டு. அதுவும் எங்க வாயில் "எடையன்திட்டு".

ஏன் இப்படி? குறில் இகரமோ உகரமோ முதலில் வந்து, ஒரு ஒற்றை மெய்யைத் தாண்டி அடுத்து அகரமோ ஐகாரமோ வந்தால், பேச்சில் 'இ' எகரமாகவும் 'உ' ஒகரமாகவும் இறங்கிவிடும். இடம் எடம் ஆகும், நிலம் நெலம் ஆகும், விறகு வெறகு ஆகும். குடம் கொடம், உரல் ஒரல், உடம்பு ஒடம்பு. ஆனால் புலி புலிதான், இடி இடிதான், ஏன்னா அடுத்து அகரம் வரலை. உப்பளம் எப்பவும் ஒப்பளம் ஆகாது, ஏன்னா நடுவில் ரெட்டை மெய் இருக்கு. பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாத எங்க ஆயாகூட ஒரு தடவையும் இந்த விதியைத் தப்பவிட்டதில்லை. நீங்களும் வீட்டில் பேசும்போது தப்பவிட மாட்டீர்கள், சோதித்துப் பாருங்கள்.

இதைக் கொச்சை என்று ஒதுக்கவும் முடியாது. பக்கத்து வீட்டுக் கன்னடத்தில் எழுதும்போதே இலை 'எலெ', குடை 'கொடெ'. உடையார் என்பதை நாம் எழுத்தில் உகரத்தோடு எழுதி வாயில் "ஒடையார்" என்கிறோம். மைசூர் ராஜாக்கள் எழுத்திலேயே ஒடெயர். முதலியார் எங்க வாயில் "மொதலியார்". பாண்டியை ஆண்ட பிரெஞ்சுக்காரர்களும் முதலியார்பேட்டையை ஒகரம் போட்டுத்தான் எழுதினார்கள். அவர்கள் காதில் அப்படித்தான் விழுந்திருக்கு.

கயனியும் கழுவேலியும்

அடுத்து, தமிழுக்கே உரியது என்று மேடையில் பெருமை பேசுகிற ழகரம். வடமாவட்டத்துக்காரர்களான எங்க வாயில் அது பல நேரம் யகரமாகிவிடும். கழனி எங்களுக்குக் "கயனி". வாழைப்பழம் "வாயப்பயம்". கிழவி "கெயவி". இதைச் சொல்லி எங்களைக் கிண்டல் பண்ணுகிற தெற்கத்திக்காரர்கள் அதே எழுத்தை ளகரமாக்கி "வாளப்பளம்" என்பார்கள், அது அவர்கள் காதுக்கே கேட்காது.

மரக்காணம், வானூர் வட்டங்களில் பரந்து கிடக்கிற கழுவேலி தென்னிந்தியாவில் பழவேற்காட்டுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி. 2021 டிசம்பரில் அதைத் தமிழ்நாட்டின் 16-வது பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். அந்தப் பேரைக் கழுவேலி, கழுவெளி, கழிவெளி என்று தமிழிலேயே மூணு விதமாக எழுதுகிறார்கள். ஆங்கிலத்தில் பார்த்தால் கலிவேலி, கலுவேலி என்றெல்லாம் படிக்கிற மாதிரி இருக்கும். ழகரத்துக்குச் சரியான குறி என்று 'இசட் எச்' போட்ட பலகையைப் பார்த்து, பறவை பார்க்க வந்த வடநாட்டுக்காரர் ஒருவர் "கஜுவேலி எங்கே?" என்று கேட்டார். முந்திரி கேட்கிறாரோ என்று நினைத்தோம்.

இந்த எழுத்து வெளியூர்க்காரர்களைப் படுத்தின பாடு கொஞ்சமில்லை. பழவேற்காடு புலிகாட் ஆனது. எழும்பூர் எக்மோர் ஆனது. சோழமண்டலத்தில் இருந்த ழகரம் போர்ச்சுக்கீசியர் காதில் ரகரமாக விழுந்து, அதுதான் கோரமண்டல் ஆயிற்று. எங்க கடற்கரைக்கு உலகப் படத்தில் இருக்கிற பேரே ஒரு காது கேட்ட தப்புதான்.

கிரேக்கன் கேட்டது, வெள்ளைக்காரன் கேட்டது

இந்தக் கதை ரெண்டாயிரம் வருஷத்துப் பழசு. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த 'எரித்திரையக் கடல் பெரிப்ளூஸ்' என்ற கிரேக்கக் கடல்வழி நூலில் இந்தக் கரையின் துறைமுகங்களாக கமரா, பொதுகே, சோபத்மா என்று மூணு பேர் வரும். பொதுகே என்றது பாண்டிக்குப் பக்கத்து அரிக்கமேடு என்கிறார்கள். சோபத்மா என்றது மரக்காணம் என்பது ஆய்வாளர் பலருடைய கருத்து. சிறுபாணாற்றுப்படை சொல்கிற எயிற்பட்டினமும் இதே மரக்காணம்தான் என்கிறார்கள்.

இதில் எனக்குப் பிடித்த சங்கதி ஒன்று இருக்கு. எயில் என்றால் கோட்டை மதில். பழந்தமிழில் 'சோ' என்றாலும் அரண், மதில். சோபட்டினம் என்று உள்ளூர்க்காரன் சொன்னதைத்தான் கிரேக்க மாலுமி சோபத்மா என்று எழுதிக்கொண்டு போனான் என்று வைத்தால், புலவர் சொன்ன பேரும் மாலுமி சொன்ன பேரும் பொருளில் ஒன்றாகிவிடும். பட்டினம் 'பத்மா' ஆனது மட்டும்தான் அவன் செய்த சில்லறை வேலை.

வெள்ளைக்காரர்கள் வந்த பிறகு இந்த வேலை பெரிசாச்சு. எங்களுக்குத் தெற்கே இருக்கிற கூனிமேட்டில் கிழக்கிந்தியக் கம்பெனி 1680களில் ஒரு பண்டகசாலை வைத்திருந்தது. கூனி என்றால் கடலோரத்தில் பொடி இறால். கம்பெனிக் கடிதங்களில் அந்த ஊர் 'கோனிமியர்'. மேற்கே திண்டிவனம் போகிற வழியில் பெருமுக்கல் மலை. ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் நடந்த கர்நாடகப் போரில் அதைப் பிடிக்கச் சண்டை நடந்தது. அந்தச் சண்டையை எழுதின ஆங்கிலப் புத்தகங்களில் 'பெர்மகாயில்' என்று இருக்கும். படிக்கிறவர்கள் ஏதோ கோயில் என்று நினைப்பார்கள். மலைமேல் சிவன் கோயில் இருக்கிறதும் அந்தக் குழப்பத்துக்குத் தோதாப் போச்சு. கடப்பாக்கத்துப் பக்கம் இடிந்து கிடக்கிற ஆலம்பரைக் கோட்டை 1750-ல் டூப்ளேவிடம் போனது, 1760-ல் ஆங்கிலேயர் பிடித்து இடித்தார்கள். அதுக்கு அவர்கள் வைத்த எழுத்து 'ஆலம்பர்வா'. அதே 1760-ல் சண்டை நடந்த வந்தவாசி 'வாண்டிவாஷ்'. சதுரங்கப்பட்டினம் 'சத்ராஸ்'. கோவளம் 'கவ்லாங்'.

கோவளத்தை உப்பளத்துக்காரன் கண்ணோடு பாருங்கள். உப்பு விளைகிற இடத்துக்குப் பழைய பேர் அளம். சோழர் காலக் கல்வெட்டுகளில் அளம், பேரளம் என்று வருவதெல்லாம் உப்பு விளைந்த நிலம்தான். கோ என்றால் அரசன், கோவளம் என்றால் அரசனுடைய உப்பளம் என்று ஒரு விளக்கம் உண்டு. 'கவ்லாங்' என்று எழுதின உடனே உப்பு கரைந்து போச்சு. பாண்டி நகருக்குள்ளேயே உப்பளம் என்று ஒரு பகுதி இருக்கு. ஆங்கிலப் பலகையில் ளகரமும் லகரமும் ஒன்றுதான் என்பதால், உப்பு விளைந்த மண் என்று யாருக்கும் தோணுவதே இல்லை.

பேரைச் சுருக்குவதும் மாற்றுவதும் நாமும் செய்கிறதுதானே என்று கேட்கலாம். செய்கிறோம். புதுச்சேரி புதுவை ஆகும், தஞ்சாவூர் தஞ்சை ஆகும், கோயம்புத்தூர் கோவை ஆகும். இதுக்கு மரூஉ என்று பேர் வைத்து, இயல்பு வழக்கில் ஒன்றாக நன்னூலே சேர்த்துக்கொண்டது. ஊர்க்காரன் வாயில் தேய்ந்த பேரைத் தமிழ் இலக்கணம் தள்ளி வைக்கவில்லை. பேசுகிறவன் தேய்த்தால் அதில் ஒரு ஒழுங்கு இருக்கும். புதுச்சேரி பாண்டிச்சேரி ஆனதுக்குச் சொல்கிற ஒரு விளக்கத்தில் அந்த ஒழுங்கும் இல்லை. பிரெஞ்சு எழுத்தில் 'யு'வை யாரோ ஒரு குமாஸ்தா 'என்' என்று படித்ததில் வந்தது என்கிறார்கள். 2006-ல்தான் சட்டப்படி மறுபடியும் புதுச்சேரி ஆனது. எங்க வாயில் இன்னும் பாண்டிதான், அது வேற விஷயம்.

எங்களுக்கு ஏதுங்க குடும்பப் பேர்?

ஊர்ப் பேர் இப்படி என்றால் ஆள் பேர் இன்னும் மோசம். எங்க பக்கத்தில் குடும்பப் பேர் என்று ஒன்று கிடையாது. அப்பா பேரின் முதலெழுத்து, அவ்வளவுதான். பழைய கிரயப் பத்திரங்களைப் பிரித்தால் பேருக்குப் பின்னால் படையாட்சி, நாயக்கர், கவுண்டர், முதலியார், ரெட்டியார் என்று சாதிப் பட்டம் இருக்கும். 1929-ல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாகாண மாநாட்டில் அந்த வாலை வெட்டச் சொல்லித் தீர்மானம் போட்டார்கள். தமிழ்நாட்டில் பேருக்குப் பின்னால் பட்டம் போடும் வழக்கம் மெல்ல மெல்லக் குறைந்தது.

ஆனால் அதுக்கு முன்னாலேயே கப்பல் ஏறினவர்களோடு அந்தப் பட்டங்களும் கப்பல் ஏறிவிட்டன. 1860-ல் சென்னையில் புறப்பட்ட 'ட்ரூரோ' என்ற கப்பல் நவம்பர் 16-ம் தேதி டர்பனில் கரும்புத் தோட்டத்துக்குக் கூலிகளை இறக்கியது. அதுக்குப் பின்னால் வருஷக்கணக்கில் கப்பல் போனது. எங்க மரக்காணம் அப்போ இருந்த தென்னார்க்காடு ஜில்லாவிலிருந்தும் வடார்க்காடு, செங்கல்பட்டு ஜில்லாக்களிலிருந்தும் சனங்கள் போனார்கள். பேர் எழுதின குமாஸ்தாவுக்குத் தமிழ் எழுத்து தெரியாது, காதில் விழுந்ததை எழுதினான். இன்றைக்கு தென்னாப்பிரிக்காவில் 'பதயாச்சி' என்று ஒரு குடும்பப் பேர் இருக்கு. நாம் எழுதுகிற படையாட்சி அங்கே இல்லை, எங்க கயனியில் கூப்பிடுகிற "படையாச்சி"தான் இருக்கு. காட்சியைக் காச்சி என்பதும் ஆட்சியை ஆச்சி என்பதும் அதே கணக்குதான். 'நாய்க்கர்' அங்கே ரெண்டே அசையில் நிற்குது. நேட்டால் இந்தியக் காங்கிரசின் தலைவராக இருந்த டாக்டர் மாண்டி நாய்க்கர் பேரில் இருப்பது அதுதான். கவுண்டர் 'கோவெண்டர்' ஆனது. நமக்கு ககரம் ஒன்றுதான், வாயில் அழுத்தியும் சொல்வோம், மெலிதாகவும் சொல்வோம். குமாஸ்தா தன் காதுக்கு எட்டினதைப் போட்டுவிட்டான்.

பாண்டி, காரைக்கால் வழியாகப் பிரெஞ்சுத் தீவுகளுக்குப் போனவர்கள் கதை இன்னொரு மாதிரி. பிரெஞ்சு எழுத்தில் நடுவில் ஒரு 'எஸ்' போட்டால் 'ஸ்' ஒலி மாறிவிடும் என்று ரெண்டு போட்டார்கள். முத்துசாமி அப்படித்தான் 'மூத்தூஸ்ஸாமி' ஆனது. விம்பிள்டன் வென்ற ஆர்தர் ஆஷின் மனைவி, புகைப்படக் கலைஞர் ஜீன் மூத்தூஸ்ஸாமி-ஆஷ். அவருடைய அப்பா வழி குவாதலூப் தீவிலிருந்து வருகிறது. ரீயூனியன் தீவு அரசியலில் ழான்-பால் விராபுல்லே என்று ஒருவர் இருந்தார். வீரப்பிள்ளை என்று சொல்லிப் பாருங்கள், புரியும்.

ஊரை விட்டுப் போகாதவர்களுக்கும் இது நடந்தது. மரக்காணத்திலிருந்து ஒரு மணி நேரம் கூட ஆகாத பாண்டியில் 1881 செப்டம்பர் 21-ம் தேதி ஒரு ஆணை வந்தது. இந்து, கிறிஸ்தவ, முஸ்லிம் வழக்கச் சட்டத்தை விட்டுப் பிரெஞ்சுச் சட்டத்துக்குள் வர விரும்புகிறவர்கள் வரலாம், ஆனால் ஒரு குடும்பப் பேரைத் தேர்ந்தெடுத்துப் பதிய வேண்டும். வக்கீல் பொன்னுத்தம்பி பிள்ளை இந்த இயக்கத்துக்கு முன்னால் நின்றவர். ஐரோப்பிய பூட்ஸ் போட்டு கோர்ட்டுக்கு வரக்கூடாது என்று 1873-ல் அவரைத் தடுத்தபோது, பாரிஸ் வரைக்கும் வழக்கைக் கொண்டுபோய் ஜெயித்தவர். அவர் எடுத்துக்கொண்ட குடும்பப் பேர் லாபோர்த். பிரெஞ்சில் கதவு என்று அர்த்தம். டர்பனில் இறங்கினவனுக்குக் குமாஸ்தா பேர் வைத்தான். பாண்டியில் இவர் தன் பேரைத் தானே வைத்துக்கொண்டார். இந்த வித்தியாசத்தை நான் பெரிசாக நினைக்கிறேன்.

ஏழுமலைக்கு எத்தனை எழுத்து?

இதெல்லாம் பழங்கதை என்று விட்டுவிடலாம் என்றால் முடியவில்லை. ஏழுமலை என்பது எங்க பக்கத்தில் தெருவுக்கு நாலு பேருக்கு இருக்கிற பேர். வாயில் அது "ஏயுமல", சிலருக்கு "யேழுமல". எனக்குப் பெரியப்பா முறையில் ஒருத்தருக்கு அந்தப் பேர். பட்டாவில் தமிழில் ஒழுங்காக ஏழுமலை என்று இருக்கு. ஆதாரில் ஆங்கிலத்தில் 'இ'யில் தொடங்கி நடுவில் 'எல்' வரும். வங்கிப் பாஸ்புக்கில் முதலெழுத்தே 'ஒய்'. வாக்காளர் அட்டையில் 'இசட் எச்' இருக்கு. ஆங்கிலத்தைப் பார்த்துக் கம்ப்யூட்டர் தானாக மறுபடி தமிழாக்கினதில் 'எலுமலை' என்று இன்னொரு ஆள் பிறந்தார்.

விவசாயிகளுக்கு மத்திய அரசு வருஷத்துக்கு 6,000 ரூபாயை மூணு தவணையாகக் கொடுக்குது. பேர் ஒத்துப்போகவில்லை என்று அவருக்கு ரெண்டு தவணை நின்றது. நாலு தடவை கயனி வேலையை விட்டுவிட்டு பஸ் ஏறினார். போன இடத்தில், "நீங்கதான் இந்த ஏழுமலைன்னு நாங்க எப்படி நம்பறது?" என்று கேட்டார்களாம். "எங்க ஊர்ல வந்து கேளுய்யா" என்றாராம். உப்பளத்தில் வேலை செய்கிற பொம்பளைங்களுக்கும் இதே கதைதான். மழைக்காலத்தில் உப்பு விளையாது, அந்த மாசங்களுக்கு அரசு 5,000 ரூபாய் நிவாரணம் கொடுக்குது. அங்கேயும் அட்டையில் உள்ள எழுத்தும் பாஸ்புக்கில் உள்ள எழுத்தும் ஒத்துப்போகணும். செல்லம்மாளுக்கு எத்தனை 'எல்' என்று எந்த உப்பளத்துக்காரிக்குத் தெரியும்?

குமாஸ்தா காலத்தில் தப்பா எழுதினால் அந்தத் தப்பே பேராகி, பேரன் பேத்தி வரை ஓடியது. இப்போ தப்பா எழுதினால் பணம் நிற்குது. எழுதினது யாரோ, அலைகிறது பேருக்குச் சொந்தக்காரர்.

அரசாங்கம் ஒரு தடவை ஊர்ப் பேர்களுக்காவது இதைச் சரிசெய்யப் பார்த்தது. தமிழில் சொல்கிறபடியே ஆங்கிலத்திலும் எழுதணும் என்று 1,018 ஊர்களின் எழுத்தை மாற்றி 2020 ஜூனில் அரசாணை வெளியே வந்தது. எழும்பூர், தூத்துக்குடி, திருவல்லிக்கேணி எல்லாம் தன் ஒலியைத் திரும்பப் பெறும் என்பது நல்ல எண்ணம்தான். ஆனால் கோயம்புத்தூருக்குப் போட்ட நீட்டு எழுத்தும், வேலூரை வீலூர் என்று படிக்க வைத்த எழுத்தும் ஊரெல்லாம் சிரிப்பாய்ச் சிரித்தது. கொஞ்ச நாளிலேயே ஆணையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். ஊர்க்காரன் சொல்வதைக் கேட்டு எழுதாமல் மேசையில் உட்கார்ந்து எழுதினால் தமிழ்க்காரனே எழுதினாலும் கோனிமியர் மாதிரிதான் முடியும்.

எனக்குத் தோணுகிற வழி சின்னது. தமிழ்நாட்டில் தமிழ் எழுத்தில் உள்ள பேரை மூலமாக வைக்கணும். ஆங்கிலம் எத்தனை விதமாக இருந்தாலும், பட்டாவில் உள்ள தமிழ்ப் பேரும் அப்பா பேரும் ஒத்திருந்தால் அவர்தான் ஆள் என்று ஏற்கணும். இதுக்குப் பெரிய கமிட்டி எதுவும் வேண்டியதில்லை.

நகரத்தில் இருக்கிற உங்களுக்கு ஒன்று சொல்வேன். உங்களில் பல பேர் இனிஷியலில் ஒரு கிராமத்தின் முதலெழுத்து ஒளிந்திருக்கும். ஆங்கிலத்தில் 'இ' போடுகிறீர்களா 'ஐ' போடுகிறீர்களா என்பது இருக்கட்டும், அந்த ஊரை உங்க பாட்டி எப்படிச் சொன்னார் என்று வீட்டில் கேட்டுத் தமிழில் எழுதி வையுங்கள்.

என் பங்குக்கு நான் ஒரு நோட்டுப் போட்டிருக்கிறேன். எங்க ஏரியில் ஒவ்வொரு மதகுக்கும் பேர் உண்டு, ஒவ்வொரு கயனித் துண்டுக்கும் பேர் உண்டு. பட்டாவில் சர்வே நம்பர் மட்டும்தான் இருக்கு. பெரியவங்க சொல்லச் சொல்ல எழுதுகிறேன், எடம் என்றால் எடம் என்றே. ஒரு பக்கம் வாயில் வந்தபடி, எதிர்ப்பக்கம் எழுத்துத் தமிழில். இதுவரைக்கும் அறுபது பேர் சேர்ந்திருக்கு. அதில் எதுவும் எந்தக் காகிதத்திலும் இல்லை.